நீக்கப் பட்டியல்

ஊட்டியிலிருந்து வந்த படிவத்தில் ஏழு கட்டங்கள்.
வரிசை எண், நூலின் பெயர், விலை,
வாங்கிய ஆண்டு, பக்கம், நீக்கக் காரணம்.
ஆறையும் நிரப்பிவிட்டேன்.
ஏழாவது: பயன்.

ஐப்பசி. கோத்தகிரியில் பதினெட்டு நாளாக வெயில் இல்லை.
கிளை நூலகத்தின் மேற்குச் சுவர் வியர்க்கிறது.
நூறு வாட் பல்பின் கீழ்
புத்தகங்களைக் கருவாடுபோல் பிளந்து வைத்திருக்கிறேன்.
பூஞ்சைக்கு எல்லாம் ஒன்றுதான்,
பக்தியும் தின்னும், துப்பறியும் கதையும் தின்னும்.
எங்கள் வாசகர்களிலேயே பாரபட்சம் இல்லாதது.

"கட்டம் காலியா இருந்தா கோப்பு திரும்பி வந்துடும்" என்றார்
போனில் கண்காணிப்பாளர் எட்வின் தாசன்.
"ஒழுக்கம் வளர்க்கும்னு போடுங்க.
இல்லேன்னா பொழுதுபோக்கு.
ரெண்டுல ஒண்ணுதானே சார் எல்லாம்?"

கல்லூரியில் ஒருவர்
அந்தச் சொல்லையே உடைத்துக் காட்டினார்:
இலக்கு, இயம். குறியைச் சொல்வது.
எழுதினேன், மதிப்பெண்ணும் வாங்கினேன்.
இங்கே சன்னலுக்கு வெளியே குறி எங்கே?
எதிர்ப்புறத்து பேக்கரியே காணாமல் போயிருக்கிறது.
வர்க்கி வாசம் மட்டும்
சாலையைக் கடந்து வருகிறது.

வரிசை எண் அறுபத்தொன்று. ஒரு நாவல்.
கடைசித் தாள் இல்லை.
தம்பிக்காரன் வெள்ளத்தில் ஓடம் ஏறுகிறான்,
துடுப்பு நீரைத் தொடுகிறது,
அப்புறம் பின்னட்டை.

முதலில் எடுத்தவள் சிவபாக்கியம்,
டான்டீயில் கொழுந்து பறிப்பவள்.
கப்பலில் வந்திறங்கிய குடும்பம், மண்டபம் முகாமில் பிறப்பு.
திருப்பித் தந்தபோது
சோற்றுப் பசையில் ஒட்டிய கோடு போட்ட தாள்,
நீல மையில் ஒரு முடிவு.
அபராதம் கேட்டேன்.
"அந்தப் பயலைத் தண்ணியிலே விட்டுட்டு
எப்பிடி சார் தூங்குறது? கரை சேர்த்துட்டேன்."
சில்லறையை எண்ணி வைத்தாள்.

அடுத்தது ஹாலன், மேட்டுப்பாளையம் பேருந்து ஓட்டுநர்.
"யார் எழுதினது இது? அந்த மழையிலே ஓடம் போகுமா?"
தாளின் மறுபக்கம், பென்சிலில்,
ஓடக்காரன் பாதியில் திரும்பிவிட்டான்.
நடந்ததைத்தானே கதை காட்ட வேண்டும் என்று
நான் இழுத்ததற்கு அவர் சிரித்தார்:
"கொண்டை ஊசி வளைவிலே
ஒரு குண்டுக் கண்ணாடி நிக்குதே, பாத்திருக்கீங்களா?
லாரி அதிலே எலுமிச்சம்பழம் மாதிரி தெரியும்.
உள்ளதை உள்ளபடி காட்டாது.
நேர்க்கண்ணாடி வெச்சா என் மூஞ்சிதான் தெரியும்,
வர்ற லாரி தெரியாது."

ஒரு திருத்தத்தோடு நின்றிருந்தால்
நானும் 'சேதம்' என்று எழுதி முடித்திருப்பேன்.

ஸ்டெல்லா மேரி, தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துபவர்.
மகன் போன வருடம் குந்தாப் பக்கம் அணையில்.
நாவலை எடுத்தார், புதுப்பித்தார், மீண்டும் எடுத்தார்.
அட்டையில் தேதிகள் வரிசையாக இறங்குகின்றன,
எல்லாம் ஒரே பெயர்.
எந்த முடிவு பிடித்தது என்று கேட்டிருக்கக் கூடாது.
கேட்டுவிட்டேன்.
"முடிவு வரைக்கும் போறதில்லை.
ஓடத்திலே உக்காந்திருக்கான் பாருங்க,
அந்தப் பக்கத்திலே நிறுத்திடுவேன்.
மறுநாள் முதல்லேர்ந்து."

ஒழுக்கம் என்று எழுதி அடித்தேன்.
ஆறுதல் என்று எழுதினேன்.
அவர் முகத்தில் அப்படி ஒன்றையும்
நான் பார்க்கவில்லையே. அடித்தேன்.
உண்மை என்று எழுதினால்
எந்தப் பக்கத்து உண்மை, பேனாவா பென்சிலா?
ஒரு பயனும் இல்லை என்பது கேட்க அழகாக இருந்தது,
ஆனால் எட்வின் அதையே காரணமாக எடுத்துக்கொண்டு
எடைக்குப் போட்டுவிடுவார்.
கட்டம் அழிந்து அழிந்து ஓட்டையானது.
அதன் வழியே மேசை தெரிந்தது.

புதுப் படிவத்தில் அறுபது நூல்கள்,
அறுபதுக்கும் 'பொழுதுபோக்கு'.

சாயங்காலம் போன் வந்தது.
"அறுபத்தொண்ணு எங்க சார்?"
வெளியே போயிருக்கிறது என்றேன்.
பல்பின் கீழ் கிடந்தது அது,
ஓடம் இருக்கும் பக்கம் மட்டும் இன்னும் ஈரமாக.
"யார் எடுத்திருக்கா?"

ஒரு பெயர் சொன்னேன்.
தகப்பன் பெயர் கேட்டார், அதுவும் சொன்னேன்.
எந்த ஊர் என்றார்.
அக்கரை என்று வாயில் வந்தது.
அப்படி ஒரு ஊர் இந்த மலையில் இல்லை,
அப்படி ஓர் ஆளும் இல்லை.
அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.